வெல்வெட் படுக்கும் திசை

பன்னிரண்டு மணிக்கு வருகிறேன் என்று தாமோதரசாமி சொல்லியிருக்கிறார். இப்போது பதினொன்று. இந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு வேலை ஒன்றுதான், அவருடைய காரின் சீட்டுக்கு யாரிடம் துணி வாங்குவது என்று முடிவு செய்வது. அதைச் செய்யாமல், சீட்டெல்லாம் கழற்றிப் போட்ட காருக்குள் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மடியில் துண்டுத் துணிகளைப் பரப்பி வைத்திருக்கிறேன், பெண் பார்க்கப் போன வீட்டில் பலகாரத் தட்டோடு முழிக்கிற மாப்பிள்ளை மாதிரி. மாப்பிள்ளைக்கு வயது ஐம்பத்து நான்கு. கார் நாற்பத்தெட்டாம் வருஷத்து பிளிமத், என்னைவிட மூத்தது. எஞ்சின் வேலை, தகர வேலை எல்லாம் வேறு ஆட்கள் முடித்துவிட்டார்கள், உள்ளே உட்காருகிற இடம் மட்டும் என் பொறுப்பு. கணபதியில் இருக்கிற என் ஷெட்டுக்கு இந்த மாதிரி வண்டி வருஷத்துக்கு இரண்டு வந்தால் அதிகம். பின் சீட்டைப் பிரித்தபோது, மரச்சட்டத்துக்குள் மடித்து ஆணியடித்திருந்த இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு வெயிலே படாத பழைய வெல்வெட் கிடைத்தது. ஊறிய பாக்கின் நிறம். மேலே வெளுத்துக் கிடந்ததெல்லாம் பொய், இதுதான் வண்டியின் சொந்த நிறம், இதற்குத்தான் ஜோடி தேட வேண்டும். பம்பாய்க்காரர் அட்டையில் பின் அடித்து அனுப்பிய துண்டு ஒன்று. அமெரிக்காவில் இந்த மாடலுக்கென்றே நெய்கிறவர்கள் கடிதம் வைத்து அனுப்பியது ஒன்று. டில்லிக்காரர் பாக்கெட்டில் போட்டு அனுப்பியது ஒன்று. காலையிலேயே மூன்றிலும் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டிப் பார்த்தேன். டில்லி நூல் உருகிப் பாசிமணி மாதிரி உருண்டது, பிளாஸ்டிக், கழித்தாயிற்று. அமெரிக்க நூல் தலைமுடி கருகுகிற வாசனை அடித்தது, அசல் ஆட்டுமுடிதான், ஆனால் ஈரக் கைக்குட்டையால் தேய்த்தால் சாயம் வருகிறது. பம்பாய்த் துணியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நிறம் மட்டும் பாக்கு இல்லை, பால் கூடிப்போன காப்பி. எடுத்துக்கொள்ளலாம். தாமோதரசாமிக்கு அந்தப் பழைய துணியைக் காட்டாமல் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவது துண்டு ஒன்று இருக்கிறது. அதை மடியில் வைக்கவில்லை, பலகையில் பக்கத்தில் வைத்திருக்கிறேன், அதன் பக்கமே திரும்பாமல் அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. நேற்றுச் சாயந்திரம் மரகதம் கொண்டுவந்தாள். என்னிடம் ஐந்து வருஷமாகத் தைக்கிற பெண், அதோ மூலையில் மிஷினில் உட்கார்ந்து ஓரப்பட்டி தைத்துக்கொண்டிருக்கிறாள். "கோட்டைமேட்டுல ஜலால் பாய்னு ஒருத்தர் கடைங்கண்ணா, ரெக்சின் வாங்கப் போனேன், நம்ம பழைய துண்டைக் காட்டினேன், உள்ளார போயி இதை எடுத்துட்டு வந்தாரு. அச்சு அசலா இருக்குதுங்களே. நம்ம ஏன் அவருகிட்ட வாங்கறதே இல்லீங்க?" என்றாள். தூரம், என்றேன். ஒரே ஊருக்குள் கணபதியில் இருந்து கோட்டைமேடு தூரமாம், பம்பாய் பக்கமாம். அவள் போய் மிஷினுக்கு எண்ணெய் விட்டாள். யாருடைய சேம்பிள் என்றாவது அவரிடம் சொன்னாளா, என் பெயரைச் சொன்னாளா என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டும். இப்போதும் கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டி அந்தத் துண்டைத் தடவுகிறேன். மேலிருந்து கீழே தடவினால் முடி படிந்து வெளுப்பாக, கீழிருந்து மேலே தடவினால் முடி நிமிர்ந்து கருப்பாக. வெல்வெட் எல்லாமே இப்படித்தான். ஒரே துணி, ஒரே சாயம், திருப்பிப் போட்டால் வேறு நிறம். அதனால்தான் ஒரு சீட்டுக்கு வெட்டும்போது எல்லாத் துண்டும் ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும், தலை மாறினால் போச்சு. கத்தரி பிடித்த முதல் வாரத்தில் தெரிந்துகொள்கிற விஷயம். எனக்கு அப்போதே முப்பது வருஷப் பழக்கம்.

அப்போது என்றால் எட்டு வருஷத்துக்கு முன்னால். அதுவும் தாமோதரசாமியின் வண்டிதான், ஒரு பழைய டாட்ஜ். பழைய கார் வைத்திருப்பவர்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர், அவர் வண்டியை ஒருவன் தொட்டான் என்றால் ஊரில் மற்ற வண்டிகளும் அவனைத் தேடி வரும். ஜலால் பாய் கொடுத்த துணி, முழு ரோல், ஒரு குறையில்லை. நான்தான் கதவுக்கு வெட்டும்போது போனில் யாரோடோ சத்தம் போட்டுக்கொண்டே ஒரு கை அகலம் குறைத்து வெட்டித் தொலைத்தேன், அந்தத் துண்டு வீண், வேறு வெட்ட வேண்டியதாயிற்று. யாரோடு சத்தம் போட்டேன் என்பது கூட இன்றைக்கு நினைவில்லை. மிச்சத்தை விரித்துப் பார்த்தால் முன் சீட்டின் இடது சாய்மானத்துக்குத் துணி போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி, அன்று வெள்ளி. ஒரு போன் போட்டிருந்தால் பாய் அவருடைய டிவிஎஸ்ஸில் அரை மணியில் கொண்டுவந்து கொடுத்திருப்பார். ஆனால் ஏன் குறைந்தது என்று கேட்பாரே. அளந்துதானே வாங்கினீர்கள் என்பாரே. என் கத்தரியை இந்த ஷெட்டில் யாரையும் தொட விட்டதில்லை, இன்று வரைக்கும், மரகதம் தைப்பாள், வெட்டுவது நான். தாமோதரசாமி நாலு பேர் முன்னால் "வெட்டுன்னா சபாபதி" என்பார். அந்தச் சபாபதி தப்பாக வெட்டிவிட்டான் என்று பாய்க்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான் விஷயம், வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சாய்மானத்தின் அளவு அட்டையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன், துணிக்குள் அடங்கியது, வெட்டினேன். தெரிந்தேதான் வெட்டினேன். தெரியாமல் வெட்டினேன் என்று பின்னால் சில வருஷம் எனக்கே சொல்லிப் பார்த்தேன், நிற்கவில்லை. தைத்து மாட்டி ஷெட்டின் டியூப்லைட்டில் நாலு பக்கமும் நின்று பார்த்தேன். தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் எதுதான் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பத்து மணி வெயில் நேராக அந்த சீட்டில் அடித்தது. வலது பக்கம் தேன், இடது பக்கம் கரி. வேடிக்கை பார்க்க வந்த ஒரு பையன்கூட அவன் அம்மாவிடம் கைகாட்டிச் சொன்னான். தாமோதரசாமி குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், "என்ன சபாபதி, ரெண்டு கலரா இருக்குது?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. வாய் முந்திக்கொண்டது. "பாய் ரெண்டு சாய லாட்டைக் கலந்து குடுத்துட்டாருங்க." சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. அவர் அங்கேயே போனைப் போட்டு பாயை வரச் சொன்னார். வந்தார். தொழுகைத் தொப்பியோடு, முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டையோடு, சங்கத்து ஆட்கள் சுற்றி நிற்க, கதவைத் திறந்து வலது சீட்டில் ஒரு தடவு, இடது சீட்டில் ஒரு தடவு. இரண்டே தடவுதான். துணிக்காரருக்கு அதற்கு மேல் வேண்டுமா. பிறகு என்னைப் பார்த்தார். நான் முன் டயரைப் பார்த்தேன். டயரின் பள்ளத்தில் ஒரு சின்னக் கல் சிக்கியிருந்தது, அது இன்றைக்கும் அப்படியே தெரிகிறது, அவர் முகம் தெரியவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தார்? ஒரு நிமிஷம் இருக்குமா? தாமோதரசாமி அத்தனை பேர் முன்னால் அவரை ஏசித் தீர்த்தார். 'என் தப்பு' என்று பாயே ஒப்புக்கொண்டார், பிறகு நமக்கென்ன, என்றுதான் நான் இத்தனை நாளாக வைத்துக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி படுக்கையில் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன், அவர் அப்படிச் சொல்லவே இல்லை. "துணி மாத்தித் தர்றேனுங்க" என்றார். என் தப்பு என்று சொன்னாரா? இல்லை. துணி மாத்தித் தர்றேனுங்க. அவ்வளவுதான். என் தப்பு என்கிற வார்த்தையை அவர் வாயில் நான்தான் வைத்திருக்கிறேன். அவர் மாற்றித் தந்த துணியை நான் திசை பார்த்து, ஒழுங்காக, அழகாக வெட்டினேன், தாமோதரசாமி முதுகில் தட்டினார். அந்தத் தட்டு இன்னும் முதுகில் இருக்கிறது, குளித்தால் போகிற அழுக்கில்லை.

அதற்குப் பிறகு சங்கத்து வண்டி ஒன்றுகூட ஜலால் பாயின் துணியில் ஏறவில்லை. லாட் கலக்கிறவர் என்று பெயர் ஆகிவிட்டது. ஆக்கியது யார், நான். ஒரு தடவைதானே சொன்னேன் என்றால், ஒரு தடவை சொன்னால் போதாதா? கார்த் துணியை விட்டுவிட்டு ஆட்டோ சீட்டுக்கு ரெக்சின் விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். உக்கடம் சிக்னலில் இரண்டு மூன்று தடவை பக்கத்தில் வந்து நின்றிருக்கிறார், அதே டிவிஎஸ். நான் பெட்ரோல் முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பேன், டாங்க் நிறைய இருந்தாலும். போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைக்காமல் இல்லை. முதல் வருஷம் ரம்ஜானுக்குப் போகலாம் என்று இருந்தேன். இரண்டாம் வருஷம், இவ்வளவு நாள் கழித்துப் போனால் என்ன நினைப்பார் என்று இருந்தது. தள்ளிப்போடத் தள்ளிப்போட, செய்தது ஒரு அசிங்கம், சொல்லாமல் இருந்தது இன்னொரு அசிங்கம், எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் போய்விட்டது. இப்போது பாருங்கள், ஊறிய பாக்கு நிறத்தில் அவர் துணி என் கையில். இதைவிடப் பொருத்தமாக உலகத்தில் கிடைக்காது. பம்பாய் அட்டையில் இரண்டே இரண்டு பின்தான். நகத்தை விட்டு நெம்பினால் வந்துவிடுகிறது. பால் காப்பியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, இதை அங்கே வைத்து அடித்துவிட்டால், பம்பாய்த் துணிங்க என்று காட்டலாம், மரகதத்தை அனுப்பி வாங்கிக்கொள்ளலாம், பாய்க்கும் வியாபாரம், நமக்கும் நல்ல துணி, யாருக்கு என்ன நஷ்டம். யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் பின் கழன்று மடியில் கிடக்கிறது, ஸ்டேப்ளர் கையில் இருக்கிறது, அன்றைக்கு வாய் செய்ததை இன்றைக்குக் கை செய்கிறது. துணியைப் புரட்டினேன். பின்பக்கம் சாக்பீஸால் ஒரு அம்பு. அம்பின் தலையில் 'மேல்' என்று எழுதியிருந்தது.

காது மடல் இரண்டும் சுட்டது. எனக்குத்தான். எனக்குத்தான் போட்டிருக்கிறார், அட முட்டாளே, மேல் பக்கம் எது என்று தெரிந்துகொள் என்று, எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தைக்கு எழுதுகிற மாதிரி. கோபம்கூட வந்தது, வெட்கத்தைவிடக் கோபம் சுலபம், அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டேன். "மரகதம், இந்த அம்பு யாரு போட்டது?" என்று உள்ளேயிருந்தே கேட்டேன். மிஷினை நிறுத்தாமல் சொன்னாள். "பாய்தானுங்கண்ணா. எல்லாத்துக்கும் போடறாரு. ஆட்டோக்காரங்க வாங்கற ரெக்சினுக்குக்கூட அம்பு போட்டுத்தான் வெட்டிக் குடுக்கறாரு. ரெக்சினுக்கு எதுக்குங்க பாய் மேலு கீழுன்னு கேட்டேன். சிரிக்கிறாரு, பழக்கமாயிடுச்சு புள்ளைன்னு." ரெக்சினுக்கு முடி கிடையாது. எப்படித் திருப்பினாலும் ஒரே நிறம். அதற்கும் அம்பு. எட்டு வருஷமாக, வருகிற ஒவ்வொரு துணியிலும், தேவை இருக்கிறதோ இல்லையோ, குனிந்து ஒரு அம்பு. அந்தக் கையை நினைத்துப் பார்த்தேன். பிடித்துக்கொண்டிருந்த கோபம் அதோடு போய்விட்டது, அதற்குப் பிறகு சாய்ந்துகொள்ள எனக்கு ஒன்றும் இல்லை.

வெளியே கார் வந்து நின்ற சத்தம். பன்னிரண்டு ஆகவில்லை, இந்த மனுஷன் எப்போதும் பத்து நிமிஷம் முந்தித்தான். ஒன்று பம்பாய்த் துண்டைத் திரும்ப அட்டையில் வைத்திருக்க வேண்டும், இல்லை பாயின் துண்டை ஒளித்திருக்க வேண்டும். நான் பம்பாய்த் துண்டைப் பையில் திணித்துவிட்டு, பாயின் துண்டை அட்டையில் வைத்து இரண்டு பின்னையும் அடித்தேன். டக், டக். இப்போதும் என்னால் விளக்கம் சொல்ல முடியவில்லை, அம்பைப் பார்த்த பிறகும் அடித்தேன்.

தாமோதரசாமி கதவு வழியாகத் தலையை நீட்டினார். வேட்டி, கண்ணாடி, எழுபத்து மூன்று வயதிலும் நிமிர்ந்த முதுகு. பழைய துணியை வாங்கி ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தார். அமெரிக்காவை ஒதுக்கினார். டில்லியைத் தொடவே இல்லை. அட்டையில் கை நின்றது.

"அட. இதேதான். அப்படியே இருக்குதேய்யா. இது யாரு, பம்பாயா?"

"ஆமாங்க" என்றேன்.

மிஷின் நின்றது. ஓரப்பட்டி பாதியில் இருக்கும்போது மரகதம் மிஷினை நிறுத்த மாட்டாள், தையல் விட்டுப்போகும். திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை, இவள் எதற்குக் கோபப்பட வேண்டும். சும்மா பார்த்துக்கொண்டு, நான் இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்பது போல. இந்தப் பார்வையை எனக்குத் தெரியும். போன தடவை இது வந்தபோது டயரில் ஒரு கல் இருந்தது. இன்றைக்கு டயரையும் கழற்றி வைத்திருக்கிறார்கள், பார்க்க ஒன்றும் இல்லை.

"இல்லீங்க" என்றேன். "பம்பாய் இல்லீங்க. ஜலால் பாய் துணிங்க இது. நான் மாத்தி அடிச்சு வெச்சேன்."

"எந்த ஜலால்? லாட் கலந்த ஆளா? அந்தாளுகிட்ட எதுக்குப் போனே?"

என் வாய் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. காரை விட்டு இறங்கி மேஜையில் இருந்த கத்தரியை எடுத்தேன். அட்டையிலிருந்து துணியைப் பிய்த்து, அம்பின் குறுக்கே இரண்டாக வெட்டினேன். ஷெட் வாசலில் வெயில் விழுகிற இடத்தில் கழற்றிச் சாய்த்திருந்த பானெட்டின் மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே நிறம். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். வலது பக்கம் தேன், இடது பக்கம் கரி.

"ஒரே துணிங்க. அன்னிக்கும் ஒரே துணிதானுங்க. நான் அளவு தப்பா வெட்டிட்டு, பத்தாததுக்குத் தலைகீழாப் போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன். பாய் மேல பொய் சொன்னேன்."

தாமோதரசாமி கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். குனிந்து ஒரு துண்டைத் தானே திருப்பி வைத்தார், மறுபடியும் திருப்பி வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. "எட்டு வருஷம்" என்றார். "ரோட்டுல அந்தாளு சலாம் வெப்பாருய்யா. நான் பாக்காத மாதிரி போவேன்." பிறகு, "நம்பர் இருக்குதா?" என்றார்.

இருந்தது. அழிக்கவும் இல்லை, அழைக்கவும் இல்லை. "ஸ்பீக்கர்ல போடு" என்றார். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"சொல்லுங்க சபாபதி."

என் பெயர் அவர் போனில் இருந்திருக்கிறது. அவரும் அழிக்கவில்லை. "பாய், அன்னிக்கு மைதானத்துல... துணி சரியாத்தான் இருந்துச்சுங்க. நாந்தான் தலை மாத்தி வெட்டினேன்."

"தெரியுமுங்க" என்றார். பின்னால் ஒரு ஆட்டோ ஸ்டார்ட் ஆகிப் போனது.

தாமோதரசாமி போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "பாய், நான் தாமோதரசாமி பேசறேன். தெரியும்னா அன்னிக்கே ஏன் சொல்லலை? அத்தனை பேரு முன்னால நான் உங்களை அப்படிப் பேசினேனே."

"அவரு சொல்லுவாருன்னு பாத்தனுங்க சார். பக்கத்துலதான நின்னுட்டு இருந்தாரு. அன்னிக்குச் சொல்லுவாருன்னு பாத்தேன். அப்பறம் கடைக்கு வந்து சொல்லுவாருன்னு பாத்தேன். ஒரு ரம்ஜான் போச்சு, ரெண்டு ரம்ஜான் போச்சு. அப்பறம் பாக்கறதை விட்டுட்டனுங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். என்ன வார்த்தையில் கேட்டேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை, முழு வாக்கியமாக வரவில்லை என்பது மட்டும் தெரியும். அவர் சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. தாமோதரசாமிதான் கடைசியில், "துணி வேணும் பாய். முழு வண்டிக்கும். குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க சார். நாளைக்கே கொண்டாந்து தர்றேன்." பிறகு, "ஒண்ணே ஒண்ணுங்க. வெட்டறது அவரு வேண்டாம். அந்தப் புள்ள மரகதம் வெட்டட்டும்."

போனை வைத்துவிட்டார். நேற்று அவள் தன் பெயரையும் என் பெயரையும் அவரிடம் சொல்லித்தான் வந்திருக்கிறாள். தாமோதரசாமி என்னைப் பார்க்காமல் பானெட்டில் கிடந்த இரண்டு துண்டுகளையும் ஒரே பக்கமாகத் திருப்பி அடுக்கினார். மரகதம் எழுந்து நின்றுகொண்டிருந்தாள், என்ன செய்வது என்று தெரியாமல் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "எனக்கு வெட்டத் தெரியாதுங்கண்ணா" என்றாள் மெதுவாக. தெரியும். நான் இல்லாத நேரத்தில் அவள் பழைய காகிதத்தில் வெட்டிப் பார்ப்பது எனக்குத் தெரியும், கத்தரி வைத்த இடம் மாறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன், பார்த்தும் கேட்காமல் இருந்திருக்கிறேன். கத்தரி இன்னும் என் கையில்தான் இருந்தது. கைப்பிடி அவள் பக்கம் வருகிற மாதிரி திருப்பி நீட்டினேன்.